ராட்வைலர், டெஸ்லா... நடுவில் ஒரு மேஜை!

என் ரூம்மேட்டுக்கு இந்த உலகத்தில் ரெண்டே ரெண்டு விஷயத்தின் மேல்தான் பாசம். ஒண்ணு, ஊரில் அவங்க வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடக்கும் ராக்கி. அசல் ராட்வைலர். பார்க்கத்தான் வில்லன் லுக். பால்காரர் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும் ஜென்டில்மேன். இன்னொண்ணு, டெஸ்லா கார். லேப்டாப் வால்பேப்பர், மொபைல் வால்பேப்பர், அலமாரிக் கதவு என்று எங்கே திரும்பினாலும் டெஸ்லா. (சாவிக்கொத்தில் மட்டும் டி.வி.எஸ்.50 சாவி!)

2024 மார்ச். நாங்கள் அப்போது ஃபர்ஸ்ட் இயர். இன்டர்னல் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. 12-ம் தேதி மத்திய கால்நடைத் துறையிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் போனது. 'மூர்க்கமான' நாய் இனங்கள் என்று 23 வகையைப் பட்டியல் போட்டு, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை எல்லாத்துக்கும் தடை. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றது அந்தக் கடிதம். பட்டியலில் ராட்வைலரும் உண்டு. மூணே நாள் கழித்து, 15-ம் தேதி, இன்னொரு நியூஸ். வெளிநாட்டு எலெக்ட்ரிக் கார்களுக்கு இறக்குமதி வரியை 15 சதவிகிதமாகக் குறைத்து ஒரு புதுத் திட்டம்!

மெஸ்ஸில் தட்டோடு நின்றுகொண்டே புலம்பினான். "மச்சி, ஒரே வாரத்துல என் நாயைப் புடுங்கிட்டு என் காரைக் குடுக்கறாங்கடா! இதையெல்லாம் எப்போ பார்லிமென்ட்ல பேசினாங்க? யாரு கை தூக்கினாங்க?"

மொத்த டேபிளும் கப்சிப். உண்மையைச் சொன்னால் யாரும் கை தூக்கவில்லை. அந்த வாரம் பார்லிமென்ட்டே நடக்கவில்லை. 17-வது மக்களவை கடைசியாகக் கூடியது பிப்ரவரி 10. கார் திட்டம் வந்த மறுநாள், மார்ச் 16, தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். புது மக்களவை கூடியது ஜூன் 24. நடுவில் நாலரை மாசம் கேள்வி நேரமும் கிடையாது, கேள்வி கேட்க ஆளும் கிடையாது.

அவன் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவே இல்லை. நாய் ஏர்போர்ட்டில் இறங்குவதற்கும், கார் ஹார்பரில் இறங்குவதற்கும் ரூல் போடுவது யார்? போட்ட ரூலைச் சரிபார்ப்பது யார்? அப்புறம் கிடைத்த நேரமெல்லாம் துருவிப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

நம்ம பாஷையிலேயே சொல்கிறேனே... பார்லிமென்ட் போடும் சட்டம், யுனிவர்சிட்டி கொடுக்கும் சிலபஸ் மாதிரி. யூனிட் ஒன்று, யூனிட் ரெண்டு என்று தலைப்பு மட்டும் இருக்கும். எந்த வாரம் எதை நடத்துவது, அசைன்மென்ட் எத்தனை, ரெக்கார்டு லேட்டானால் எத்தனை மார்க் கட் என்பதெல்லாம் ஸ்டாஃப் கையில். அதே மாதிரி சட்டத்தில் 'மத்திய அரசு அறிவிக்கை மூலம் விதிகளை வகுக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கை மேல் அறிவிக்கையாகப் போட்டுக்கொண்டே போகலாம். நம்ம செமஸ்டரைத் தீர்மானிப்பது சிலபஸா, ஸ்டாஃபா? அதேதான் அங்கேயும்.

உயிருள்ள மிருகங்களை இறக்குமதி செய்வதற்கான சட்டம் எந்த வருஷத்தது தெரியுமா? 1898! விக்டோரியா மகாராணி காலத்து ஐட்டம். 'குதிரை, மாட்டினம், ஒட்டகம், ஆடு மற்றும் அரசு குறிப்பிடும் வேறு மிருகங்கள்' என்று ஆரம்பிக்கும் குட்டிச் சட்டம். தொற்றுநோய் வரும் என்று தெரிந்தால் அரசு ஒரு அறிவிக்கை போட்டு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். விஷயம் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் கண்டம் விட்டுக் கண்டம் தாவி மந்தை மந்தையாகக் கொன்றுகொண்டிருந்தது. அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தது 2011-ல்தான். 2001-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி இறைச்சி, முட்டை, பால் பொருட்கள், கரு, விந்து வரைக்கும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

"நோய்க்குத் தடை போடறதுக்கெல்லாமா பார்லிமென்ட்டைக் கேட்பாங்க?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. பறவைக் காய்ச்சல் ஒரு நாட்டில் கிளம்பினால் அன்றைக்கு ராத்திரியே கதவைச் சாத்த வேண்டும். மழைக்காலக் கூட்டத்தொடர் வரும் வரை கோழி காத்திருக்காது! 1987-ல் நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர் என்ற கிராமத்து ஆடுகளிடம்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக பி.பி.ஆர். என்ற நோயை அடையாளம் கண்டார்கள். ஊர்ப்பக்கம் அதற்குப் பெயரே ஆட்டுக்கொல்லி நோய். அதற்கப்புறம் அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2019-ல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தது, 2020-ல் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எல்லையைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. நாலு ஆடு வைத்திருக்கும் ஆயாவுக்கு அந்த நாலும்தான் ஃபிக்சட் டெபாசிட். அதனால், அவசரத்துக்கு ரூல் போடும் பவர் அரசிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு டவுட்டே இல்லை. என் சண்டை அதோடு இல்லை. போட்டதுக்கு அப்புறம் யார் திருத்துவது என்பதில்தான்.

இங்கேதான் தலைப்பில் இருக்கும் மேஜை வருகிறது.

இந்த மாதிரி விதிகளைப் பார்லிமென்ட்டின் ரெண்டு அவைகளின் மேஜையிலும் வைக்க வேண்டும் என்று பெரும்பாலான சட்டங்களிலேயே எழுதியிருக்கும். கூட்டத்தொடர் நடக்கும்போது மொத்தம் 30 நாள் அது மேஜையில் இருக்க வேண்டும். ஒரே தொடரில் 30 நாள் கிடைக்காவிட்டால் அடுத்த தொடருக்கும் நீளும். அதற்கும் அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் ரெண்டு அவையும் சேர்ந்து 'மாற்று' என்று சொன்னால் மாற்ற வேண்டும், 'வேண்டாம்' என்றால் ரத்து. ஆனால், அதுவரை அந்த விதிப்படி நடந்தது நடந்ததுதான். கேட்க சூப்பராக இருக்கிறது இல்லே? நிஜத்தில் என்ன நடக்கும் என்றால், காலையில் அமைச்சர் எழுந்து 'இன்னின்ன அறிவிக்கைகளை மேஜையில் வைக்கிறேன்' என்பார். ஒரு கத்தை பேப்பர் வைக்கப்படும். அடுத்த ஐட்டம். அதைப் பிரித்துப் படிக்க எந்த எம்.பி.க்கு நேரம் இருக்கும்? 17-வது மக்களவை அஞ்சு வருஷத்தில் மொத்தமே 274 நாள்தான் உட்கார்ந்தது. நம்ம காலேஜில் 75 சதவிகித அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட்டே கிடைக்காது பாஸ்!

அதற்காகவே ஒரு குழு இருக்கிறது. கமிட்டி ஆன் சபார்டினேட் லெஜிஸ்லேஷன். தமிழில் சொன்னால், சட்டத்துக்குக் கீழே வரும் விதிகளைத் துருவிப் பார்க்கும் குழு. மக்களவையில் 1953-ல் ஆரம்பித்தது, மாநிலங்களவையில் 1964-ல். ஒவ்வொன்றிலும் 15 எம்.பி.க்கள். மக்களவைக் குழுவில் அமைச்சருக்கு இடம் இல்லை. இவர்கள் கேட்கும் கேள்விகள் செம ஷார்ப்பானவை. சட்டம் கொடுத்த எல்லையை விதி தாண்டுகிறதா? மறைமுகமாக வரி போடுகிறதா? முன்தேதியிட்டு அமலாக்கப் பார்க்கிறதா? அரசிதழில் போடவும் மேஜையில் வைக்கவும் ஏன் லேட்? எங்கள் டிபார்ட்மென்ட்டில் ரெக்கார்டு நோட்டைத் தேதி தேதியாகப் புரட்டும் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், அவரை மாதிரி. டி.வி. கேமரா இல்லாததால் கூச்சல் இல்லை, அவையைச் சுற்றி ஓட்டமும் இல்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மக்களவை கலைந்தால் அந்தக் குழுவும் கலைந்துவிடும். 2024 ஜூனில் அப்படித்தான் ஆனது.

விதியை ரத்து பண்ணுங்கள் என்று நேராகவே தீர்மானம் கொண்டுவந்த கதையும் உண்டு. 2012 மே மாதம், மாநிலங்களவையில் கேரள எம்.பி. பி.ராஜீவ், 2011-ல் வந்த இன்டர்நெட் விதிகளை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். இறக்குமதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மேஜையில் கிடந்த பேப்பரை ஒருத்தர் எடுத்துப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் சாம்பிள். கட்சி பேதம் இல்லாமல் பலரும் பேசினார்கள். அமைச்சர் கபில் சிபல், எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. ஆனால் அடுத்த வருஷமே மக்களவைக் குழு அதே விதிகளை எடுத்து வைத்து அலசி ஒரு அறிக்கையே கொடுத்தது.

'நம்ம நாட்டுலதான் இப்படி' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பார்லிமென்ட்டுகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லிக்கொள்ளும் பிரிட்டனில், காமன்ஸ் சபை கடைசியாக ஒரு விதியை ரத்து செய்தது 1979-ல். அதுவும் மண்ணெண்ணெய் விலை சமாசாரம்!

சரி, ராக்கி கேஸுக்கு வருவோம்.

அந்த 23 இனக் கடிதத்தில் உள்ள பெரிய சமாசாரம் என்ன தெரியுமா? அது விதியே இல்லை. வெறும் கடிதம். விதி என்றால் மேஜைக்குப் போகணும். கடிதத்துக்கு மேஜையும் இல்லை, குழுவும் இல்லை. ஆனால் ஊரில் உள்ளாட்சி ஆபீஸுக்கும், பக்கத்து வீட்டு மாமாவுக்கும், வாட்ஸ்அப் குரூப்புக்கும் அந்த வித்தியாசம் தெரியுமா? 'கவர்ன்மென்ட் தடை பண்ணிடுச்சு', முடிஞ்சது கதை. ரூம்மேட்டின் அப்பா அப்புறம் ராக்கியை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாக்கிங் கூட்டிக்கொண்டு போனாராம். யாராவது பார்த்தால் போட்டோ எடுத்துக் கம்ப்ளெயின்ட் பண்ணிவிடுவார்கள் என்று பயம்.

பட்டியலை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஒரு இடத்தில் 'டோசா இனு' என்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி 'ஜப்பானீஸ் டோசா' என்று இருக்கிறது. ரெண்டும் ஒரே நாய் சார்! ஒரே ஆளுக்கு ரெண்டு ரோல் நம்பர். 15 பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டிருக்காதா?

நாய்க்கடி ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. கடித்துக் குதறப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்த அப்பா அம்மாவுக்கு, 'ராக்கி ரொம்ப சாது' என்று நான் எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கும். தடை வேண்டும் என்பவர்களுக்கும் பேச இடம் வேண்டும், வளர்ப்பவர்களுக்கும் வேண்டும். கால்நடை டாக்டர்களை நடுவில் உட்கார வைக்க வேண்டும். அந்த இடம் கடைசியில் கோர்ட்டில்தான் கிடைத்தது. 2024 ஏப்ரல் 10-ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரையும் கலந்து பேசவில்லை என்பது முக்கியமான குறை. கலந்து பேசி முறைப்படி புதிதாகக் கொண்டுவரத் தடை இல்லை என்றும் சொன்னது. மார்ச் 12-லிருந்து ஏப்ரல் 10 வரை, 29 நாள். ராக்கிக்கு இருபத்தொன்பது நாள் நைட் ஷிஃப்ட்.

வெளிநாட்டு நாய்களை விற்பனைக்காக, இனப்பெருக்கத்துக்காக இறக்குமதி பண்ணுவதை நிறுத்திய முந்தைய அறிவிப்பும், 2016 ஏப்ரலில் டி.ஜி.எஃப்.டி. என்ற வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் போட்டதுதான். நாய் ஒன்றே ஒன்று. அதற்கு ரூல் போடக் கால்நடைத் துறை, வர்த்தகத் துறை, கஸ்டம்ஸ் என்று மூன்று வாசல்!

அடுத்து கோழி. இது இன்னும் தமாஷ். 2011 ஜூலையில் அந்த 1898 சட்டத்தின்கீழ் ஒரு அறிவிக்கை வந்தது. பறவைக் காய்ச்சல் இருக்கும் நாடுகளிலிருந்து உயிருள்ள பறவைகள், ஒரு நாள் குஞ்சுகள், முட்டை, கறி, ஏன், உயிருள்ள பன்றிகள்கூட வரக் கூடாது என்று தடை. அமெரிக்காவுக்கு அவர்கள் ஊர்க் கோழிக்காலை இங்கே விற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் கேஸ் போட்டுவிட்டார்கள். ஜெனிவாவில் உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார்கள். 'ஆபத்து எவ்வளவு என்று அறிவியல்பூர்வமாகக் கணக்குப் போட்டீர்களா? சர்வதேசத் தரத்தைவிட ஏன் கடுமை? ஒரு மாநிலத்தில் நோய் என்றால் நாடு முழுக்க ஏன் தடை?' 2014-ல் தோல்வி, 2015 ஜூனில் அப்பீலிலும் தோல்வி. 2016-ல் அமெரிக்கா வருஷத்துக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்க அனுமதி கேட்டது. கடைசியில் 2023 செப்டம்பரில் ரெண்டு நாடும் பேசி முடித்தன. முடிவில் என்ன ஆச்சு? வான்கோழி, வாத்து, ப்ளூபெர்ரி, க்ரான்பெர்ரிக்கெல்லாம் இந்தியா வரியைக் குறைக்கிறது. கோழியில் ஆரம்பித்துப் ப்ளூபெர்ரியில் முடிந்த கதை!

அந்த மூணு கேள்வியையும் மறுபடி படித்துப் பாருங்கள். நம்ம ஊர் எம்.பி. ஒருத்தர் 2011-லேயே கேட்டிருக்கக் கூடிய கேள்விகள்தானே? பதில் இருந்திருந்தால் ஜெனிவாவில் நமக்கு அது ஆயுதம் ஆகியிருக்கும். இல்லை என்று தெரிந்திருந்தால் முன்னாடியே திருத்தியிருக்கலாம். நாம் கேட்காத கேள்வியை வேறொருத்தர் வந்து கேட்டு ஜெயித்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. 2023 ஜூன் 7-ம் தேதி, 1898 சட்டத்துக்குப் பதிலாக ஒரு புது மசோதாவின் வரைவை வெளியிட்டார்கள். இறக்குமதியோடு உயிருள்ள கால்நடை ஏற்றுமதியையும் சேர்த்து. கருத்து சொல்லக் கொடுத்த அவகாசம் வெறும் 10 நாள். குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு தனக்குத் தானே ஒரு கொள்கை வைத்திருக்கிறது என்பது தனிக் கதை. மிருக ஆர்வலர்கள், மத அமைப்புகள், சாதாரண ஜனங்கள் எல்லோரும் எதிர்ப்பு தெரிவிக்க, ரெண்டே வாரத்தில் வரைவு வாபஸ். காரணம், புரிந்துகொண்டு கருத்து சொல்ல இன்னும் நேரம் வேண்டுமாம். இதைத்தானே எல்லோரும் முதல்லயே சொன்னாங்க! ஆனால் ஒன்று, மசோதா என்பதால்தான் இது வெளியே வந்தது. அறிவிக்கையாக இருந்திருந்தால் ஒரு நாள் காலையில் அரசிதழில் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டிருப்போம்.

இப்போது கார். நான் மெக்கானிக்கல் என்பதால் இங்கே கொஞ்சம் கால்குலேட்டர் எடுத்துக்கொள்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

கஸ்டம்ஸ் சட்டம் 1962-ன் 25-வது பிரிவு, பொதுநலன் கருதி எந்தப் பொருளுக்கும் வரிவிலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. வரியை அவசரமாக ஏற்ற வேண்டும் என்றால் பார்லிமென்ட்டில் தீர்மானம் போட்டு ஒப்புதல் வாங்கியாகணும். இறக்குவதற்கு அது வேண்டாம், மேஜையில் வைத்தால் போதும். 'வரி குறைஞ்சா நல்லதுதானே' என்று தோன்றும். குறைந்த வரி யாருடைய பாக்கெட்டிலிருந்து போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

2024 திட்டப்படி, ஒரு கம்பெனி மூணு வருஷத்துக்குள் குறைந்தது 4,150 கோடி ரூபாய், அதாவது 50 கோடி டாலர், இங்கே முதலீடு பண்ண வேண்டும். மூணு வருஷத்தில் 25 சதவிகிதம், அஞ்சு வருஷத்தில் 50 சதவிகிதம் உள்நாட்டு மதிப்பு சேர்க்க வேண்டும். வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். பதிலுக்கு வருஷம் 8,000 கார் வரை, அஞ்சு வருஷத்துக்கு 15 சதவிகித வரியில் இறக்கிக்கொள்ளலாம். காரின் விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூணும் சேர்த்து குறைந்தது 35,000 டாலர் இருக்க வேண்டும்.

35,000 டாலர் காருக்கு அப்போது இருந்த சாதா வரி 70 சதவிகிதம், 24,500 டாலர். திட்டத்தில் வந்தால் 5,250. ஒரு காருக்கு மிச்சம் 19,250 டாலர். டாலர் 83 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 16 லட்சம். வருஷம் 8,000, அஞ்சு வருஷம் 40,000 கார் என்று போனால் சுமார் 6,390 கோடி ரூபாய். அரசு வைத்த உச்சவரம்பும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. 6,484 கோடி அல்லது போட்ட முதலீடு, இதில் எது குறைவோ அது. 40,000 காரையும் இறக்க 80 கோடி டாலர் முதலீடு வேண்டும். அப்படியென்றால் குறைந்தபட்சம் 4,150 கோடி போடும் கம்பெனிக்கு 4,150 கோடி வரைக்கும் வரி விட்டுக் கொடுக்கலாம். சுமார் 26,000 கார். போட்ட காசு அளவுக்கே சலுகை!

இது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஃபேக்டரி வந்தால் பேட்டரி, மோட்டார், சாஃப்ட்வேர் என்று வேலை வரும். அந்த கேம்பஸ் இன்டர்வியூ வரிசையில் நானும்தான் நிற்கப் போகிறேன். ஆனால் இந்தப் பேரத்தில் எத்தனை வேலை, உள்நாட்டில் கார் செய்பவர்களுக்கு அடி எவ்வளவு, வாக்கை மீறினால் பணம் எப்படித் திரும்ப வரும் என்று யாராவது முன்னாடியே குறுக்கு விசாரணை பண்ணியிருக்க வேண்டாமா? தேர்தல் அறிவிப்புக்கு முந்தின நாள் வந்த திட்டத்தை அன்றைக்கு எந்த அவையில் விசாரிப்பது?

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். விரிவான வழிகாட்டு நெறிகள் வந்தது 2025 ஜூன் 2-ம் தேதி. அன்றைக்கே கனரகத் தொழில் அமைச்சர் குமாரசாமி, டெஸ்லாவுக்கு இங்கே தயாரிக்கும் ஆர்வம் இல்லை, ஷோரூம் திறப்பதில்தான் ஆர்வம் என்று போட்டு உடைத்துவிட்டார். ஜூலை 15, மும்பையில் டெஸ்லா ஷோரூம் திறந்தது. ஷாங்காயில் செய்த மாடல் ஒய், முழு வரியோடு, ஆரம்ப விலை 59.89 லட்சம். ரூம்மேட் அன்றைக்கு மெஸ்ஸுக்கே வரவில்லை.

அதே சமயம் நம்ம தூத்துக்குடியில், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி ஃபேக்டரியைத் திறந்தது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார் என்று கணக்கு. அங்கேயும் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கி, இங்கே கோத்து காராக வெளியே போகின்றன. முழுக் காருக்கு ஒரு வரி, பிரித்துக் கொண்டுவந்தால் வேறு வரி. எந்த அளவு பிரித்தால் 'பாகம்', எந்த அளவு கோத்திருந்தால் 'கார்' என்று தீர்மானிப்பதும் ஒரு அறிவிக்கைதான். அந்தக் கோடு அரை இஞ்ச் நகர்ந்தால் தூத்துக்குடியில் ஒரு ஷிஃப்ட்டே கூடலாம், குறையலாம்.

போன மாசம் ரூம்மேட் ஒரு காரியம் பண்ணினான். அவன் தொகுதி எம்.பி.க்கு ஒரு லெட்டர். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். மற்றதற்கெல்லாம் எழுத்தில் பதில் என்று நான்தான் அவனுக்கு வகுப்பு எடுத்தேன். 'எழுத்துல வந்தா இன்னும் நல்லதுடா, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்' என்றான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து மூணு கேள்வி எழுதினோம். 15 சதவிகித வரியில் இதுவரை எத்தனை கார் இறங்கியது, எவ்வளவு வரி விடப்பட்டது? 23 நாய் இனங்களின் பட்டியலைத் தயாரித்தவர்கள் எந்த ஆய்வின் அடிப்படையில் தயாரித்தார்கள்? கடந்த அஞ்சு வருஷத்தில் உயிருள்ள மிருகங்கள் இறக்குமதி பற்றி வந்த அறிவிக்கைகளில் எத்தனை, எந்தத் தேதியில் மேஜையில் வைக்கப்பட்டன?

நாலாவதாக அவன் ஒன்று சேர்த்தான். 'டோசா இனுவும் ஜப்பானீஸ் டோசாவும் வேறு வேறா?' அதை அடித்துவிடச் சொன்னேன். முடியாது என்றுவிட்டான்.

லெட்டர் ரிஜிஸ்டர் தபாலில் போயிருக்கிறது. கையெழுத்துப் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வந்து சேர்ந்தது. அலமாரிக் கதவில் டெஸ்லா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். பதில் வந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.